தாதுப் பஞ்சம், தவச (தானிய) விலை, கூலி: எம்.ஏ. ஆய்வேட்டுக்கு ஆவணங்களைத் தேடுவதும் படிப்பதும்

கேள்வியின் சுருக்கம்: முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு. "சேலம் மாவட்டத்தின் சமூகப் பொருளாதார வரலாறு, 1800–1947" என்று தலைப்பு பதிவாகிவிட்டது. கையில் 5 மாதம். ஆவணக் காப்பகத்துக்கு இதுவரை போனதில்லை. எங்கே தொடங்குவது? பழைய புள்ளிவிவரங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

முதல் வேலை தலைப்பைச் சுருக்குவது. 147 ஆண்டுகளை 80 பக்கத்தில் எழுதினால், ஏற்கெனவே அச்சில் உள்ள மாவட்டக் கையேட்டின் சுருக்கம்தான் வரும். போதாததற்கு, அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கையும் உள்ளடக்கியது. தருமபுரி 1965இல், நாமக்கல் 1997இல், கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டங்களாயின. நாமக்கல் தாலுகா இடையில் சில காலம் திருச்சி மாவட்டத்தோடும் இருந்தது. மாவட்ட மொத்தத்தை வைத்து நீண்ட கால ஒப்பீடு செய்தால், எல்லை மாறியதால் வந்த ஏற்ற இறக்கத்தை மக்கள் வாழ்வில் வந்த மாற்றம் என்று எழுதிவிடுவீர்கள். ஒரு தாலுகாவைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு. பல்கலைக்கழகத்தில் தலைப்பை மாற்ற முடியாது என்றால் ஒரு துணைத்தலைப்பைச் சேர்த்துக் காலத்தையும் இடத்தையும் குறுக்கிவிடுங்கள். பெரும்பாலான துறைகள் இதை ஏற்றுக்கொள்ளும்.

குறுக்கும்போது கேள்வியை முதலில் தேடாமல், தொடர்ச்சியாகக் கிடைக்கும் ஓர் ஆவண வரிசையை முதலில் தேடுங்கள். அந்த வரிசை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமோ அதுதான் உங்கள் கேள்வி. சேலத்துக்கு என் பரிந்துரை 1876–78 பஞ்சம்; ஊர்வழக்கில் தாது வருஷப் பஞ்சம். அரசு பயந்துபோய் எல்லாவற்றையும் எழுதிவைத்த காலம் அது: விலை, நிவாரணக் கூலி, முகாம்களில் இருந்தவர்கள், இறப்பு, தானிய வரத்து. "1875 முதல் 1879 வரை ஆத்தூர் தாலுகாவில் ஒரு நாள் கூலிக்கு எவ்வளவு கேழ்வரகு கிடைத்தது?" என்பது 5 மாதத்தில் முடியக்கூடிய கேள்வி. தாலுகாவை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

காப்பகத்துக்கு ஓடும் முன் இரண்டு வாரம் அச்சு நூல்களில் செலவிடுங்கள். சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வந்தது, லெ ஃபானு எழுதியது. பஞ்சத்தின் சூடு ஆறுவதற்குள் எழுதப்பட்டதால் தாலுகாவாரியாக விவரம் உண்டு. 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய மாவட்ட விவரச்சுவடி அடுத்தது. 1871, 1881, 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகள், சென்னை மாகாண ஆண்டு நிர்வாக அறிக்கைகள், 1878இல் அமைந்த பஞ்ச விசாரணைக் குழுவின் அறிக்கை ஆகியவற்றில் பெரும்பகுதி இணையத்தில் வருடிய படிவமாகக் கிடைக்கிறது. புணே கோகலே நிறுவனத்தின் மின்நூலகத்தையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தையும் தேடிப் பாருங்கள். கன்னிமாரா நூலகத்திலும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவன நூலகத்திலும் அச்சுப் பிரதிகள் உண்டு. இவற்றைப் படிக்கும்போது நீங்கள் எடுக்க வேண்டிய குறிப்பு ஒன்றுதான்: அடிக்குறிப்பில் வரும் அரசாணை எண், வருவாய் வாரிய நடவடிக்கை எண், தேதி. அந்தப் பட்டியல் இல்லாமல் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் முதல் வாரம் முழுக்க அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டுவதிலேயே கழியும்.

தாலுகாவை முடிவு செய்யும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: நீங்கள் எடுக்கும் கிராமங்கள் ரயத்வாரியா (குடியானவர் அரசுக்கு நேரடியாகத் தீர்வை, அதாவது நிலவரி, கட்டுவது), ஜமீனா (ஜமீன்தார் வழியாகக் கட்டுவது), இனாமா (மானியமாக விடப்பட்டது)? சேலத்தில் மூன்றும் கலந்து கிடக்கின்றன. வடபகுதியான பாராமகால் 1792இல் கம்பெனி கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் குடிகளோடு நேரடியாகத் தீர்வை பேசிய இடம் அது. பிறகு 1802ஆம் ஆண்டு நிரந்தரத் தீர்வைச் சட்டத்தின்கீழ் மாவட்டத்தின் பகுதிகள் மிட்டாக்களாக (சிறு ஜமீன்களாக) ஏலம் போயின. மிட்டா, ஜமீன் கிராமங்களுக்கு ரயத்வாரிக் கிராமங்களைப் போல வயல்வாரிப் பதிவேடு அரசிடம் இருக்காது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் முறையான நில அளவையும் தீர்வையும் வந்தன. பயிர்ப் பரப்புப் புள்ளிவிவரத்திலும் இவை நெடுங்காலம் விடுபட்டிருந்தன. மிட்டாக் கிராமத்தை எடுத்துக்கொண்டு "ஆவணமே இல்லை" என்று நான்காம் மாதத்தில் வந்து நிற்கும் மாணவர்கள் அதிகம். இனாம் கிராமம் என்றால் கொஞ்சம் அதிர்ஷ்டம்: 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகளில் யாருக்கு, எந்த ஊழியத்துக்காக, எவ்வளவு நிலம் என்பது வரிசையாக இருக்கும். ஊரின் சமூக அமைப்பை அறிய அதைவிடச் சுருக்கமான ஆவணம் கிடையாது.

இப்போது ஆவணக் காப்பகம். எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர் அனுமதிக்குத் துறைத்தலைவர் அல்லது நெறியாளரின் கடிதம், அடையாள அட்டை, ஆய்வுப் பொருளும் காலமும் குறித்த விண்ணப்பம் தேவை. கடிதத்தில் காலத்தைக் கொஞ்சம் தாராளமாக எழுதி வாங்குங்கள். 1876–78 என்று மட்டும் இருந்தால் 1871 கோப்பைக் கேட்கும்போது சிக்கல் வரலாம். படம் எடுக்கலாமா, ஒரு நாளைக்கு எத்தனை தொகுதி தருவார்கள் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்புச் சீட்டு கொடுத்தால் கோப்பு உடனே வராது; ஆகவே எப்போதும் இரண்டு மூன்று சீட்டுகள் நிலுவையில் இருக்கட்டும்.

உங்களுக்குத் தேவையானவை பெரும்பாலும் வருவாய் வாரிய நடவடிக்கைகளிலும் வருவாய்த் துறை அரசாணைகளிலும் இருக்கும். ஒவ்வோர் ஆணையின் தலைப்பிலும், அதற்கு முன் படித்துப் பார்த்த கடிதங்களின் எண்ணும் தேதியும் இருக்கும். ஒன்றைப் பிடித்தால் சங்கிலிபோலப் பின்னோக்கிப் போகலாம். தாசில்தார் ஆட்சியருக்கு எழுதியது, ஆட்சியர் வாரியத்துக்கு எழுதியது, வாரியம் அரசுக்கு எழுதியது என்று ஒரே செய்தி மூன்று படி ஏறும், ஏறும்போதே மழுங்கும். முடிந்தவரை கீழ்ப்படியில் உள்ள கடிதத்தைத் தேடுங்கள். மாவட்ட அலுவலகக் கோப்பு எண்களுக்கு முன்னால் இருக்கும் எழுத்தையும் கவனியுங்கள். 'ஆர்.டிஸ்.' என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது, 'டி.டிஸ்.' பத்தாண்டில் அழிக்கலாம், 'எல்.டிஸ்.' ஓராண்டில் அழிக்கலாம். பிற்காலக் கோப்பு ஒன்று 'எல்.டிஸ்.' கடிதத்தை மேற்கோள் காட்டினால் அதைத் தேடி நாளை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது ஆண்டுக் குழப்பம். வருவாய்க் கணக்கு பசலியில் ஓடும்: ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. நிர்வாக அறிக்கை ஏப்ரல்–மார்ச். பிறப்பு இறப்புக் கணக்கு ஜனவரி–டிசம்பர். மூன்றையும் "1877" என்ற ஒரே வரிசையில் போட்டால் பஞ்சத்தின் உச்சமும் மழை வந்த பிறகான மாதங்களும் ஒன்றாகக் கலந்துவிடும். முடிந்தவரை மாதக் கணக்காக எடுங்கள். தனியார் கணக்கேடுகள், பத்திரங்கள் கிடைத்தால் அவற்றில் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருக்கலாம். தாது 1816இலும் வரும், 1876இலும் வரும், 1936இலும் வரும். தாள், நாணயம், முத்திரைத்தாளின் மதிப்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் எந்தத் தாது என்று முடிவு செய்ய வேண்டும். அதே ஏடுகளில் ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. பின்னங்களும் தெரிந்திருக்க வேண்டும்: அரைக்கால் 1/8, வீசம் அல்லது மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. ஒரு வாரம் பழகினால் போதும். இதற்குப் பயந்து தமிழ்க் கணக்கேடுகளை ஒதுக்கிவைப்பது பெரிய இழப்பு.

பணம், அளவை இரண்டிலும்தான் அதிகப் பிழை நடக்கிறது. ரூ. 3-7-6 என்பது 3 ரூபாய் 7 அணா 6 பை. அதை விரிதாளில் 3.76 என்று தட்டச்சு செய்துவிடுகிறார்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை; எனவே 3 + 7/16 + 6/192 = 3.47. ரூபாய், அணா, பை மூன்றுக்கும் தனிப் பத்தி வைத்து, நான்காவது பத்தியில் சூத்திரம் போட்டுவிடுங்கள். ரீட் காலத்து ஆவணங்களுக்குப் போனால் வராகன் கணக்கு வரும்: வராகனுக்கு 42 பணம், பணத்துக்கு 80 காசு, வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்று மாற்றலாம்.

தவச விலை இன்னும் வில்லங்கம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விலை "கரிசைக்கு இத்தனை ரூபாய்" என்றிருக்கும். கரிசை என்பது 400 மரக்கால், 3,200 பட்டணம்படி. எடையில் 9,256½ ராத்தல் (பவுண்டு) என்று வைத்தார்கள். பிற்பகுதியில் "ரூபாய்க்கு இத்தனை சேர்" என்று மாறிவிடுகிறது. 80 தோலா கொண்ட சேர் ஏறக்குறைய 2.057 ராத்தல், அதாவது கரிசை ஒன்று 4,500 சேர். ஆகவே கரிசை ரூ. 150 என்றால் ரூபாய்க்கு 30 சேர். ஆனால் மரக்கால் முகத்தல் அளவை, சேர் எடை. நெல், கம்பு, கேழ்வரகு மூன்றும் ஒரே மரக்காலில் ஒரே எடை நிற்காது. ஊர்ப்படியும் பட்டணம்படியும் ஒன்றல்ல. எந்தத் தவசத்துக்கு எந்த மாற்று எண்ணைப் பயன்படுத்தினீர்கள் என்பதை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கட்டாயம் சொல்லுங்கள்.

"ரூபாய்க்கு இத்தனை சேர்" என்பது தலைகீழ் விலை. எண் குறைந்தால் விலை ஏறியிருக்கிறது. வரைபடத்தில் கோடு சரிவதைப் பார்த்து "விலை வீழ்ச்சி" என்று எழுதிய ஆய்வேடுகள் உண்டு. சராசரி எடுப்பதில் இன்னொரு பொறி. ஒரு மாதம் ரூபாய்க்கு 20 சேர், அடுத்த மாதம் 10 சேர் என்று வையுங்கள். சராசரி 15 சேர் என்று எடுத்தால் 40 சேர் கொண்ட மணங்கு ரூ. 2.67 ஆகும். உண்மையில் முதல் மாதம் மணங்கு ரூ. 2, அடுத்த மாதம் ரூ. 4, சராசரி ரூ. 3. ஒன்பதில் ஒரு பங்கு விலை காணாமல் போய்விட்டது. விலை எவ்வளவு தாறுமாறாக ஆடுகிறதோ அவ்வளவு பெரிய பிழை வரும். பஞ்ச காலத்தில்தான் அது அதிகம் ஆடும். எனவே ஒவ்வொரு பதிவையும் முதலில் மணங்கு விலையாக மாற்றிவிட்டுப் பிறகு சராசரி எடுங்கள்.

எந்தத் தவசம் என்பதும் முக்கியம். அச்சு அறிக்கைகளில் அரிசி விலை எளிதாகக் கிடைக்கும் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். சேலத்துக் கூலிக்காரர் சாப்பிட்டது கேழ்வரகு, கம்பு, சோளம். பஞ்சத்தில் மலிவான தவசத்தின் விலைதான் அதிக வேகத்தில் ஏறும், ஏனென்றால் அரிசி வாங்கியவர்களும் கீழே இறங்கி அதை வாங்குவார்கள். அரிசியையும் கேழ்வரகையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, இரண்டுக்கும் இடையிலான இடைவெளி எந்த மாதத்தில் சுருங்கியது என்று பாருங்கள். அதுவே ஒரு நல்ல இயல். சென்னையிலிருந்து சேலம், ஈரோடு வழியாகப் பேப்பூர் வரை ரயில் பாதை 1862இலேயே முடிந்துவிட்டது. பாதையை ஒட்டிய தாலுகாவிலும் தள்ளியிருந்த தாலுகாவிலும் விலை ஒரே மாதிரி ஏறியதா என்ற கேள்வியும் இதோடு ஒட்டிக்கொண்டு வரும். இந்த விலைகள் தாலுகாத் தலைமையிடச் சந்தையில் எடுத்து அனுப்பப்பட்டவை. உள்ளூர்க் கிராமத்தில், கடனுக்கு வாங்கியவர் கொடுத்த விலை இதில் இல்லை.

கூலிக்கு வருவோம். 1877 ஜனவரியில் இந்திய அரசின் தூதராக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தவசமும் அரை அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார்; அந்த உணவில் உழைப்பவர் உடல் தாங்காது என்பது அவர் வாதம். மே மாதத்தில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. இந்தச் சண்டையின் கடிதங்கள் நிறைய அச்சில் உண்டு, படிக்கச் சுவையாகவும் இருக்கும். அதனாலேயே மாணவர்கள் அதோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் ஒரு படி மேலே போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, ரூபாய்க்கு 16 ராத்தல் கேழ்வரகு என்று வைப்போம். ஒரு ராத்தலின் விலை ஓர் அணா. மொத்தக் கூலி ஒன்றரை அணா; அதை முழுக்கத் தவசமாக மாற்றினால் ஒன்றரை ராத்தல். விலை இரண்டு மடங்காகி ரூபாய்க்கு 8 ராத்தல் ஆகிறது. ஒரு ராத்தல் இப்போது இரண்டு அணா. மொத்தக் கூலி இரண்டரை அணா. தவசமாக மாற்றினால் ஒன்றேகால் ராத்தல். காசுக் கூலி மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருக்கிறது, வயிற்றுக்குப் போனது குறைந்திருக்கிறது. முகாம் கணக்கில் "ஆள் ஒன்றுக்கான செலவு கூடியது" என்று வரும் வரிக்குப் பின்னால் இதுதான் இருக்கும். தவிர, அந்த அரை அணா தவசத்துக்கானது அன்று; உப்பு, மிளகாய், பருப்பு, விறகு எல்லாம் அதிலிருந்துதான். உங்கள் தாலுகாவின் மாத விலையை இந்தச் சூத்திரத்தில் போட்டு, ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு பக்க அட்டவணை தயாரியுங்கள். ஆய்வேட்டில் புதிது என்று சொல்லத்தக்கது அந்த ஒரு பக்கமாகத்தான் இருக்கும், அதுவே போதும்.

சாதாரணக் காலத்துக் கூலியை இதோடு ஒப்பிட ஆசை வரும். கவனம் தேவை. படியாள், பண்ணையாள் கூலி தவசமாகவும், அறுவடையில் களத்துப் பங்காகவும், பண்டிகைத் துணியாகவும் கொடுக்கப்பட்டது. அதிகாரி அதை ரூபாயாக மாற்றி எழுதும்போது எந்த மாத விலையைப் பயன்படுத்தினார் என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. தெரியாதபோது தவச அளவையிலேயே விட்டுவிடுங்கள்.

புள்ளிவிவரத்தை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். யார், எதற்காக எண்ணினார் என்று தெரிந்தால் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். சேலம் மாவட்ட மக்கள்தொகை 1871இல் 19.67 இலட்சம், 1881இல் 16 இலட்சம், 1891இல் 19.63 இலட்சம். முதல் இரண்டை மட்டும் பார்த்தால் "மூன்றரை இலட்சம் பேருக்கு மேல் செத்தார்கள்" என்று எழுதத் தோன்றும். மூன்றாவதைச் சேர்த்தால், பத்தாண்டில் ஏறத்தாழ 23 விழுக்காடு வளர்ச்சி. அந்தக் காலத்தில் இதைப் பிறப்பால் மட்டும் வந்ததாகக் கொள்வது கடினம். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் மலைத் தோட்டங்களுக்கும் போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பியிருக்க வேண்டும், 1881இல் விடுபட்டவர்களும் இருக்கலாம். மறுபக்கம், பஞ்சம் இல்லாதிருந்தால் 1871–81இல் மக்கள்தொகை கூடியிருக்கும் என்பதால் இழப்பு வெறும் கழித்தலைவிடப் பெரியதாகவும் இருக்கலாம். இரண்டு திசையையும் எழுதுங்கள். ஒற்றை எண்ணைத் தேடாதீர்கள். இறப்புப் பதிவைக் கிராம அதிகாரி வைத்திருந்தார். வழியில் விழுந்து இறந்தவர் எந்த ஊர்க் கணக்கிலும் வரமாட்டார். பஞ்சம் முற்றிய மாதங்களில்தான் பதிவு மிக மோசம்.

பயிர்க் கணக்கும் அப்படியே. அடங்கலை (வயல்வாரிப் பயிர்ப் பதிவேட்டை) ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம் எழுதினார். சென்ற ஆண்டு எண்ணையே இந்த ஆண்டும் எழுதிவிடுவது உண்டு. நான்கைந்து ஆண்டு தொடர்ந்து ஒரே பரப்பு வந்தால் சந்தேகப்படுங்கள். விளைச்சலை அணாக் கணக்கில் மதிப்பிட்டார்கள், 16 அணா முழு விளைச்சல். தீர்வைத் தள்ளுபடி கிடைக்கும் என்ற நிலையில் அணாவைக் குறைத்துச் சொல்ல எல்லோருக்கும் காரணம் இருந்தது. ஜமாபந்தி (ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை) அறிக்கையில் வரும் பட்டாக்களின் எண்ணிக்கையை நில உடைமையாளர் எண்ணிக்கை என்று கொள்ளக் கூடாது. ஒருவருக்குப் பல ஊரில் பட்டா இருக்கும். கூட்டுப் பட்டாவில் பத்துப் பேர் இருப்பார்கள். பட்டா கூடியதை வைத்து "நிலம் துண்டானது" என்று நிறுவ முடியாது. சாதிவாரி எண்களுக்குச் சுருக்கமாக ஓர் எச்சரிக்கை: பெயர்களும் வகைப்பாடும் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் மாறின. 1921இல் சாணார் என்பது அதிகாரபூர்வமாக நாடார் ஆனது போன்ற மாற்றங்களை அறியாமல் வரிசை தயாரித்தால் ஒரு சமூகம் மறைந்ததாகவும் இன்னொன்று முளைத்ததாகவும் தெரியும்.

கடன், நில மாற்றம் உங்கள் ஆர்வம் என்றால் சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் பத்திரப் பதிவு 1865 முதல் நடைமுறையில் உண்டு. அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1ஆம் புத்தகத்தில் இருக்கும். பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம். உயில்கள் உள்ள 3ஆம் புத்தகமும் 4ஆம் புத்தகமும் அப்படித் திறந்தவை அல்ல. நடைமுறையில் முதல் கேள்வி "சர்வே எண் என்ன?" என்பதாக இருக்கும். மறுநில அளவையிலும் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்திலும் எண்கள் மாறியிருப்பதால், பழைய எண்–புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலைத் தாலுகா அலுவலகத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கிரயம், அடமானம், ஒத்தி, பாகப்பிரிவினை என்று வகை பிரித்து மாதவாரியாக எண்ணுங்கள். பத்திரத்தில் எழுதிய தொகை முழுதும் அன்று கைமாறியதாக நினைக்க வேண்டாம்; பழைய கடன் பாக்கியும் வட்டியும் சேர்ந்து புதுப் பத்திரமாகியிருக்கும், அதைப் பத்திரத்தின் முற்பகுதியிலேயே சொல்லியிருப்பார்கள். 100 ரூபாய்க்குக் குறைந்த அடமானத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆக, பஞ்சத்தில் 20 ரூபாய்க்குக் காட்டை அடகு வைத்தவர் பெரும்பாலும் இந்தப் புத்தகத்தில் இருக்கமாட்டார். அவரைப் பற்றிய முடிவை இதிலிருந்து எடுக்கக் கூடாது.

மக்கள் பக்கத்துக் குரலுக்குப் பஞ்சக் கும்மிகள், சிந்துகள் போன்ற சிறு வெளியீடுகளைத் தேடலாம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இதற்கு ஏற்ற இடம். அவற்றில் வரும் விலைகளைப் புள்ளிவிவரமாக எடுக்காதீர்கள். எதைக் கேவலமாக நினைத்தார்கள், யார்மேல் கோபப்பட்டார்கள், எந்தச் சொத்தை எந்த வரிசையில் விற்றார்கள் என்பதற்கு அவை சாட்சி.

விரிதாளில் ஒரு பதிவுக்கு ஒரு வரி: தேதி, பசலி, இடம், தவசம், மூல அலகு, மூல எண், மாற்றிய எண், ஆவண எண்–பக்கம், குறிப்பு. மூல எண்ணை ஒருபோதும் அழிக்காதீர்கள். மாற்று விகிதம் தவறு என்று பிறகு தெரிந்தால் சூத்திரத்தை மட்டும் திருத்தினால் போதும். படம் எடுக்க அனுமதி உண்டென்றால், கோப்பின் முதல் பக்கத்தை, எண் தெரியும்படி, முதலில் எடுங்கள். அன்று மாலையே கோப்பு எண்ணால் பெயரிட்டுவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் எந்தப் படம் எந்தக் கோப்பு என்று யாருக்கும் தெரியாது.

மாணவர் ஆய்வுதானே என்று எண்களில் அலட்சியம் வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்துக் கிராமங்களை ஆராயச் செய்தார். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு முதலிய ஊர்களைப் பற்றிய அந்தக் குறிப்புகள் 1918இல் அச்சாயின. 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறு ஆய்வு செய்ய முடிந்ததும், 1980களிலும் அதற்குப் பின்னும் ஆய்வாளர்கள் அங்கே திரும்பிப் போக முடிந்ததும், அந்த மாணவர்கள் எத்தனை வீடு, எத்தனை ஏர், கூலி எத்தனை படி என்று அளவையோடு எழுதிவைத்ததால்தான். "மக்கள் வறுமையில் வாடினர்" என்று எழுதியிருந்தால் யாராலும் ஒப்பிட்டிருக்க முடியாது.

எழுதும்போது மாவட்டத்தின் பெயர்க்காரணம், ஆறுகள், அதியமான் என்று 25 பக்க முதல் இயல் வேண்டாம். நெறியாளர் கட்டாயம் கேட்டால் மூன்று பக்கத்தில் முடியுங்கள், அதிலும் மழையளவு, மண், பாசனம், சந்தை, ரயில் மட்டும். இரண்டாம் இயலில் ஆவணங்கள் எப்படி உருவாயின, அளவைகளை எப்படி மாற்றினீர்கள் என்பது வரட்டும். விலை, கூலி, இடப்பெயர்வும் இறப்பும் என்று மூன்று இயல் அதற்குப் பின். நேரத்தைப் பொறுத்தவரை, மூன்றாம் மாத முடிவில் தரவு சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள். காப்பகத்தில் இன்னும் ஒரு கோப்பு, இன்னும் ஒரு கோப்பு என்று இழுத்துக்கொண்டே போகும்.

தாலுகா விலை வரிசையில் இடைவெளி கட்டாயம் இருக்கும். தொகுதி நைந்துபோய்த் தரமாட்டோம் என்பார்கள், அல்லது அந்த மாத அறிக்கையே வந்திருக்காது. முன்பின் மாதங்களை வைத்து நடுவில் ஒரு எண்ணை நிரப்பாதீர்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்துத் தாலுகாவின் விலையைத் தனிப் பத்தியில் கொடுங்கள். இடைவெளி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் தாலுகாவை விட்டுவிட்டு, அரசிதழில் அச்சான மாவட்டத் தலைமையிட விலைக்கு மாறுங்கள். அப்போது தலைப்பில் "சேலம் நகரச் சந்தையில்" என்று திருத்த வேண்டியிருக்கும், அதற்கான கடிதத்தை நெறியாளரிடம் இரண்டாம் மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள்.